ஒரு வாயில் பிறந்த இரண்டு சொற்கள்

சொற்களுக்கு ஏடு கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. அப்போது சொற்கள் வாய்களில் குடியிருந்தன. ஒரு வாய் மூடிக்கொண்டால் இன்னொரு வாயைத் தேடிப் போயின. வாய் கிடைக்காத சொல் செத்துப்போனது.

அந்தக் காலத்தில் ஒரே வாயில் பிறந்த ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். இரண்டு பேரும் சொற்கள். அவர்களைப் பெற்ற வாய் தலை சாய்க்க ஓர் இடமில்லாத ஏழை ஒருவருடையது. அதிகாரிகள் அவரைக் கொன்றுவிட்டார்கள். அவர் பெற்ற சொற்களைக் கொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை.

அண்ணன் சொன்னது இது: "தாயை விடு. தகப்பனை விடு. பெற்ற பிள்ளையையும் விடு. வீட்டையும் விடு. என் பின்னால் நட."

தங்கை சொன்னது இது: "சின்னக் குழந்தைகளை வழிமறிக்காதீர்கள். இந்த இடமே அவர்களுடையதுதான்."

கூட்டம் சிறியதாக இருந்தவரை அண்ணனுக்குத்தான் மரியாதை. அவன் சொல்லக் கேட்டவர்கள் வலையைப் போட்டது போட்டபடி எழுந்து வந்தார்கள். அடுப்பில் கொதித்த உலையை இறக்காமல் வந்தார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். அண்ணன் அவர்களோடு சிறைக்கும் போனான். தங்கை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

பிறகு கூட்டம் பெருகியது. வசதியுள்ளவர்கள் சேர்ந்தார்கள். கூட்டத்துக்குக் கூரை வந்தது, கூரையோடு ஒரு வீட்டுக்காரரும் வந்தார். வீட்டுக்காரருக்கு "வீட்டை விடு" என்று சொல்பவனைப் பிடிக்குமா? அண்ணனை வாசலோடு நிறுத்தினார்கள். தங்கையை உள்ளே அழைத்துப் பாட்டாக்கினார்கள்.

அன்று அண்ணனுக்குள் புகுந்தது பொறாமை. எரிகிற வைக்கோல் போல் அல்ல, நனைந்த வைக்கோல் போல் அது புகைந்துகொண்டே இருந்தது.

கடலோர ஊர் ஒன்றில் குவர்த்து என்ற சாய வியாபாரியின் வீட்டில் இந்தக் கூட்டத்தாரின் சபை கூடியது. கம்பளி நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி விற்பவர் அவர். அவர் மனைவி ஈரேனாள். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் மெலித்தாளுக்கு நல்ல குரல். சபை கூடும் நாளில் அவளைச் சிவப்பு மெத்தை ஒன்றில் உட்கார வைத்து, 'வழிமறிக்காதீர்கள்' என்ற தங்கையின் பாட்டைப் பாடச் சொல்வார்கள். அவள் பாடினால் பெரியவர்களின் கண் கலங்கும். ஈரேனாள் மூன்றாவது முறையாக நிறைமாதமாக இருந்தாள். இந்த முறை ஆண் என்று குவர்த்து எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வீட்டுக்கு மூன்றாவதாக ஒரு சொல்லும் வந்து சேர்ந்திருந்தான். பெரிய ஊரிலிருந்து வந்தவன், தலை வாரி எண்ணெய் வைத்தவன், தன்னையும் இவர்களுடைய தம்பி என்றே சொல்லிக்கொண்டான். "பிள்ளைகள் அடங்கட்டும். மனைவி அடங்கட்டும். வீட்டை அடக்கத் தெரிந்தவனே சபைக்கு மூப்பனாகட்டும்" என்பது அவன் பேச்சு. குவர்த்துக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று. வரும் கூட்டத்தில் குவர்த்தைச் சபையை நடத்தும் மூப்பராக்குவது என்று முடிவாகியிருந்தது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அரிஸ்தோன் என்ற கிழவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். ஊர் ஊராக நடந்து பேசுகிறவர். ஒரு காலத்தில் படகோட்டி. அந்தக் கரை முழுவதிலும் அண்ணனைச் சொல்லும் வாய் என்று மிச்சமிருந்தது அவருடைய வாய் ஒன்றுதான். அவர் வாயோடு அண்ணனும் உள்ளே வந்தான்.

இப்படி நடந்து திரிகிறவர்களுக்குச் சபைகளில் ஒரு விதி இருந்தது. ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கலாம். தேவை என்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் அந்த வாசலில் நின்றால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அவனுக்கு ரொட்டி கொடுக்கலாம். அவனாக வாய் திறந்து எதையாவது கேட்டால், அப்போதும் கள்ளன்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அரிஸ்தோன் பேசினார். "தாயை விடு, தகப்பனை விடு" என்று அண்ணன் அவர் வாயிலிருந்து எழுந்து நின்றான். ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் திராட்சை ரசத்தில் விழுந்த ஈயை எடுத்துப் போட்டார். அடுக்களை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஈரேனாள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா பேசினீங்க, ஐயா. பழைய ஆளுங்க பேச்சே தனி" என்றார் குவர்த்து. பிறகு மகளைப் பார்த்தார். "மெலித்தா, நீ பாடும்மா."

அவள் பாடினாள். கொட்டாவி விட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் மெத்தையிலிருந்து தங்கை அண்ணனைப் பார்த்தாள். "வா அண்ணா, பக்கத்துல உட்காரு. எவ்வளவு நாளாச்சு."

"நான் நின்னே பழகினவன். உனக்குத்தான் மெத்தை, மாலை, கண்ணீர் எல்லாம்."

"நானா கேட்டேன்? அவங்களா போட்டது."

"கேக்காமலே கிடைக்குது பாரு, அதைத்தான் சொல்றேன். நான் சவுக்கடி வாங்கினப்போ நீ எங்க இருந்தே?"

"யாரோ ஒருத்தர் மடியில இருந்தேன்" என்றாள் தங்கை. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

தம்பி தொண்டையைக் கனைத்தான். "பெரியவங்க சண்டை போடக் கூடாது. பார்க்க நல்லா இல்ல. வெளியாளுங்க என்ன நினைப்பாங்க?"

"நீ யாருடா?" என்றான் அண்ணன்.

"உங்க தம்பி."

"எந்த வாயில பிறந்தே?"

தம்பி மெத்தை கசங்கியிருந்த இடத்தை நீவிவிட்டான்.

மறுநாள் பிற்பகலில் ஈரேனாளுக்கு வலி எடுத்தது. பொழுது சாயும் நேரத்தில் குழந்தை பிறந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையைக் கழுவித் தகப்பனின் காலடியில் வெறுந்தரையில் கிடத்துவார்கள். தகப்பன் குனிந்து தூக்கினால் அது அவன் பிள்ளை. தூக்காமல் திரும்பிக்கொண்டால் அது யாருடைய பிள்ளையும் இல்லை. ஊர்ச்சுவருக்கு வெளியே குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்படி வைப்பது குற்றம் என்று ஊரில் யாரும் நினைக்கவில்லை.

மருத்துவச்சி குழந்தையைக் கிடத்தினாள். பெண்.

குவர்த்து அதைப் பார்த்தார். குழந்தை கையை ஆட்டியது. காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது.

"மூணாவது" என்றார் குவர்த்து.

"குனிஞ்சா முடிஞ்சுது" என்றாள் மருத்துவச்சி. "அதிக உயரமா என்ன?"

தம்பி குவர்த்தின் காதருகே வந்தான். "நாளைக்கு உங்களை மூப்பராக்கப் போறாங்க. மூணு பெண்ணுக்குச் சீர் கொடுத்தே இந்த வீடு சரியும். சரியுற வீட்டுக்காரன் எப்படிச் சபையை நடத்துவான்? எது செஞ்சாலும் ஒழுங்கா செய்யுங்க, சத்தமில்லாம செய்யுங்க."

குவர்த்து குழந்தையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஈரேனாளின் குரல் கேட்டது. "தூக்கினாரா?"

மருத்துவச்சி கையை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க நம்ம வீட்டுல பாடற பாட்டு என்ன?" என்று அவள் மீண்டும் கேட்டாள். "சின்னதுங்களை வழிமறிக்காதேன்னு தானே?"

"அது வர்ற பிள்ளைங்களுக்குச் சொன்னது" என்றார் குவர்த்து. அவர் கோபப்படவில்லை. யோசித்து, பொறுமையாகவே சொன்னார். "தூக்கினாத்தான் பிள்ளை. நான் இன்னும் தூக்கலையே. பிள்ளையே இல்லாத ஒண்ணை நான் எப்படி வழிமறிக்க முடியும்?"

கிழவர் வெளித்திண்ணையில் தூங்கிப்போயிருக்க, மூலையில் இருந்த அண்ணன் சிரித்தான். பல வருடங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. "கேட்டியா?" என்றான் தங்கையிடம். "உன் மெத்தை எவ்வளவு அகலம்னு இப்பத் தெரியுதா? உன்னை வச்சுப் பாடினவன் வீட்டுலேயே பிள்ளை தரையில கிடக்குது."

தங்கை ஓடிப்போய்ச் சொல்ல ஒரு வாய் தேடினாள். மருத்துவச்சி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். வாரம் தவறாமல் அவளைப் பாடிய வாய்கள் எல்லாம் மூடியிருந்தன.

"அண்ணா, நீயாவது ஏதாவது செய்" என்றாள்.

"நானா? பிள்ளையை விடுன்னு சொல்றவன் நான். இந்த ஆள் என் பேச்சைத்தானே கேட்டிருக்கார்" என்றான் அண்ணன். சொன்ன பிறகு அவனுக்கே அது கசந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பொறாமைக்காரனுக்கு எதிராளியின் தோல்வி எவ்வளவு கசந்தாலும் விருந்துதான்.

இரவில் ஊர்க்கதவு அடைத்திருக்கும் என்பதால் குழந்தையைக் காலை வரை கொல்லையில் வைத்திருந்தார்கள். கதவு திறந்ததும் வேலைக்காரி அதை ஒரு பழைய கம்பளித் துண்டில் சுற்றி எடுத்துப் போனாள்.

அது மூன்றாம் நாள். அரிஸ்தோன் விதிப்படி ரொட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவருக்குப் பின்னால் சபையார் ஒவ்வொருவராகக் குவர்த்து வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். ஊர்க்கதவைத் தாண்டிக் குப்பைமேட்டை ஒட்டி நடந்தபோது அழுகை கேட்டது. கிழவர் நின்றார்.

"நட" என்றான் அண்ணன்.

"அழுவுது."

"உலகத்துல எல்லாமே அழுவுது. நீ நடக்கிறவன். நட."

அரிஸ்தோன் நடக்கவில்லை. உடைந்த பானைகளுக்கும் மீன் செதிலுக்கும் நடுவே சிவப்புக் கம்பளி அசைந்தது.

அண்ணனுக்குப் பயம் வந்தது. இந்த வாய் அவனுக்குக் கடைசி வாய். "கிழவா, நல்லா யோசிச்சுக்கோ" என்றான். "அதை எடுத்தா நீ நடக்க முடியாது. பால் தேடணும். ஒரு கூரை தேடணும். ராத்திரி ஆனா தாலாட்டுப் பாடணும். அப்புறம் உன் வாயில எனக்கு ஏது இடம்? அங்கேயும் என் தங்கை வந்து உட்கார்ந்துக்குவா. எல்லா வீட்டையும் அவளுக்கு விட்டுக் கொடுத்தேன். நீ ஒருத்தன் மிச்சம். உன்னையும் அவகிட்ட கொடுக்கணுமா?"

அரிஸ்தோன் கோலைக் கீழே வைத்தார். "எனக்கு ஒரு பையன் இருந்தான்" என்றார். "உனக்குத் தெரியும். நான் கிளம்பின அன்னிக்குத் தண்ணி ஓரம் வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தான். நீ திரும்பிப் பார்க்காதேன்னே. நான் பார்க்கல."

"அதனாலதான் நீ பெரிய ஆள்."

"இருக்கலாம். ஒண்ணு கேக்கறேன். எனக்குச் சொந்தமானதை விடச் சொன்னே. விட்டேன். இது எனக்குச் சொந்தமா?"

அண்ணன் யோசித்தான். "இல்ல."

"வேற யாருக்காவது சொந்தமா?"

"யாருக்கும் இல்ல."

"யாருக்கும் இல்லாததை விடுன்னு நீ எப்பவாவது சொன்னியா?"

அண்ணன் தன்னைத்தானே முதலிலிருந்து கடைசிவரை சொல்லிப் பார்த்தான். தாய் இருந்தது. தகப்பன் இருந்தது. பெற்ற பிள்ளை இருந்தது. வீடு இருந்தது. குப்பைமேடு இல்லை.

"என் கை காலியா இருக்கு" என்றார் கிழவர். "நீ காலி பண்ணின கை. எதுக்குக் காலி பண்ணினேன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியல."

அவர் குனிந்தார். முதுகு முறுக்கிக்கொண்டது, ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். அவர் நிமிர்ந்தபோது குழந்தை அவர் மார்பில் இருந்தது. அந்த ஊர் வழக்கப்படி அவர் தகப்பனாகிவிட்டார்.

அண்ணன் தோற்றுப்போனவன் போல் அவர் நாக்கின் அடியில் சுருண்டுகொண்டான்.

கிழவர் வந்த வழியே திரும்பினார். குவர்த்தின் வாசலுக்கு வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் குவர்த்து. அவருக்குப் பின்னால் சபை முழுவதும் உட்கார்ந்திருந்தது. சிவப்பு மெத்தையில் மெலித்தாள் இருந்தாள்.

"இந்தக் குழந்தைக்குப் பால் வேணும்" என்றார் அரிஸ்தோன்.

உள்ளே ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"மூணாம் நாள்" என்றார் ஒருவர்.

"கேக்கவும் செய்யறான்" என்றார் இன்னொருவர்.

குவர்த்தின் கண் கம்பளித் துண்டை விட்டு நகரவில்லை. அது அவருடைய தொட்டியில் தோய்த்த நிறம். ஆனால் குரல் நிதானமாகவே வந்தது. "ஐயா, விதி உங்களுக்குத் தெரியும். மூணாம் நாள் வந்து நிக்கறவனுக்கு என்ன பேருன்னும் தெரியும்."

"தெரியும். கள்ளன்னு சொல்லிக்குங்க. பால் கொடுங்க."

அண்ணன் வெட்கத்தால் துடித்தான். அவனுடைய கடைசி வாய்க்கும் இப்போது கள்ள வாய் என்று பெயராகிவிட்டது. இனி எந்தச் சபையிலும் இந்தக் கிழவரைப் பேச விடமாட்டார்கள்.

அப்போது உள்ளறைத் திரை விலகியது. ஈரேனாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் சபையைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள்.

"உள்ளே போ" என்றார் குவர்த்து. "உடம்பு என்ன ஆகும்?"

"நான் கிளம்பறேங்க."

"எங்கே?"

"குழந்தை இருக்கற இடத்துக்கு."

தம்பி பதறி எழுந்தான். குவர்த்தின் வாய் வழியாகவே பேசினான். "நல்ல மனைவி வீட்டை விட்டுப் போவாளா? யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?"

"முந்தாநேத்து ராத்திரி நீங்க எல்லாரும் கொட்டாவி விட்டீங்களே, அப்போ இந்தப் பெரியவர் சொன்னார்" என்றாள் ஈரேனாள். "தாயை விடு, தகப்பனை விடுன்னார். வீட்டை விடுன்னார். நான் வீட்டை விடறேன்."

அண்ணன் நிமிர்ந்தான். தன்னை அவள் வாயில் கேட்டான். படகோட்டிகள் வாயிலும் சிறைக்குப் போனவர்கள் வாயிலும் தன்னைக் கேட்டிருக்கிறான், அந்தக் குரல்களில் எல்லாம் கொஞ்சம் பெருமை கலந்திருக்கும். இந்தக் குரலில் பெருமை இல்லை. பிள்ளையைத் தேடிப் போவதற்காகத் தன்னை ஒருத்தி எடுத்துக்கொள்வாள் என்று அவன் நினைத்ததே இல்லை. யாரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பவன் என்று பெயர் வாங்கினானோ அந்தத் தாயே அவனை ஊன்றுகோலாகப் பிடித்திருந்தாள்.

அவள் வாசற்படி தாண்டினாள். கிழவர் குழந்தையை அவள் கையில் வைத்தார்.

மெலித்தாள் மெத்தையிலிருந்து இறங்கினாள். சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குவர்த்து கதவுநிலையில் கையை நீட்டிக் குறுக்கே நின்றார்.

சபை பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை ஒவ்வொரு வாயாகப் போய் முட்டினாள். வயதானவர்கள், விதவைகள், அவளைப் பாடிப் பாடி அழுதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு வாயும் திறக்கவில்லை. அண்ணன் அதைப் பார்த்தான். மெத்தையும் மாலையும் பெற்ற தன் தங்கைக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு வாய்கூட இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டான்.

"இவ்வளவு பேர் இருந்தும் உனக்கு இதுதான் கதியா?" என்றான்.

மெலித்தாள் அப்பாவின் நீட்டிய கையை அண்ணாந்து பார்த்தாள். பாடவில்லை. ராகம் இல்லாமல் சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, வழிமறிக்காதீங்க."

குவர்த்தின் கை அங்கேயே நின்றது. பிறகு அது தானாகக் கீழே இறங்கியது. பிள்ளைகள் இரண்டு பேரும் அதன் அடியில் போனார்கள். மெலித்தாளின் வாயோடு தங்கையும் போனாள்.

ஊர்ச்சுவருக்கு வெளியே, பழைய சத்திரத்தின் நிழலில் உட்கார்ந்து ஈரேனாள் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அரிஸ்தோன் தன் ரொட்டியை நான்காகப் பிட்டார். மறுபடி நடந்தார்கள்.

அண்ணனின் பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தான்.

"நான் கல்லுலயும் முள்ளுலயும் நடக்கறேன். நீ இங்கேயும் இடுப்புல உட்கார்ந்து வர்றே."

"நீ நடந்தாத்தானே அண்ணா நான் உட்கார முடியும்" என்றாள் தங்கை.

"இந்தப் பேச்சுக்கொண்ணும் குறைச்சல் இல்ல."

ஆனால் அவள் பின்தங்கியபோது அவன் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தான். திரும்பிப் பார்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன்தான்.

குவர்த்தை அன்றைக்கே மூப்பராக்கினார்கள். மனைவியும் பிள்ளைகளும் போய்விட்டார்களே என்று ஒருவர் இழுத்தார். போனவர்கள் வீட்டார் அல்ல, மிச்சமிருக்கும் வீடு முழுக்க அடங்கித்தான் இருக்கிறது என்று தம்பி விளக்கினான். அது சரியென்று பட்டது. தம்பிக்கு மெத்தை கிடைத்தது.

அடுத்த வாரம் வேறொரு வீட்டுப் பெண்ணை அழைத்து வந்து தங்கையின் பாட்டைப் பாட வைத்தார்கள். பாட்டு நன்றாகவே இருந்தது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தங்கை அங்கே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.